தேதித் தாளின் பின்பக்கம்

கறம்பக்குடி
8-6-2025

அன்புள்ள புவனாவுக்கு,

நலம். நீயும் சுடர்விழியும் நலமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, கடிதமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று கோர்ட் கவுன்சிலிங் அம்மா சொன்னாரே, அதனால் எழுதுகிறேன். அவர் சொன்ன இன்னொன்றையும் செய்கிறேன். அவநம்பிக்கையாக ஏதாவது பேசிவிட்டால், உடனே அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்னால் எழுதிவிட வேண்டுமாம். "மழை எங்க பெய்யப் போகுது." "இந்த பஸ் இன்னைக்கு வராது." "இவன் கடை ஆறு மாசம் தாங்காது." டீக்கடைக்குப் போய் வருவதற்குள் பதினொன்று! அடேயப்பா, இதையா பதினேழு வருஷம் கேட்டாய்?

கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த பிறகுதான் இப்படி ஆனேன் என்று அவரிடம் சொன்னேன். பொய். கல்யாணப் பந்தியிலேயே, "ரசம் பத்தாது பாரு" என்று உன் காதில் சொன்னவன்தானே நான்.

விவாகரத்துக்கு முன்னால் யோசிக்க ஆகஸ்ட் பதினெட்டு வரை கோர்ட் நேரம் கொடுத்திருக்கிறது. அதற்குள் நீ வந்துவிட வேண்டும். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

உன்
ஆத்மநாதன்

விராலிமலை
19-6-2025

சுடர்விழி அப்பாவுக்கு,

ரசத்தை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே! சிரித்துவிட்டேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. ஓட்டப் பந்தயத்துக்கு ஷூ கேட்ட பிள்ளையிடம், "ஓடி என்னத்தக் கிழிக்கப் போற?" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் பெட்டியை எடுத்தேன். இங்கே அண்ணன் ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். தினமும் ஓடுகிறாள். ஆகஸ்டில் மாவட்டப் போட்டி.

எழுதுங்கள்.

புவனேஸ்வரி

கறம்பக்குடி
27-7-2025

அன்புள்ள புவனா,

அந்த வார்த்தையையும் எழுதிவிட்டேன். அந்தத் தாளை அனுப்பவில்லை, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நேற்றைய தாளைப் பார். வெறுந்தாள்! ஆள் இல்லாததால் பேசவில்லை என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுக் கருப்பன் வந்து ஒரு மணி நேரம் வம்பளந்துவிட்டுத்தான் போனான்.

இன்னொரு சேதி. புயலுக்குப் பிறகு நீ நட்ட தென்னங்கன்றைப் பார்த்து, "இது எங்க வரப் போகுது" என்றேனே, அது பாளை விட்டிருக்கிறது. வந்து பார் புவனா. நீ ஜெயிப்பாய் என்று அப்பா சொன்னதாகச் சுடர்விழியிடம் சொல்.

உன்
ஆத்மநாதன்

விராலிமலை
12-8-2025

சுடர்விழி அப்பாவுக்கு,

பாளை விட்டது என்று படித்ததும் என் வாயில் வந்தது, "குரும்பை உதிராம நிக்கணுமே." வெறுந்தாளைப் பார்த்ததும், "இது எத்தனை நாளைக்கு?" நீங்கள் விட்டதை நான் பிடித்துக்கொண்டேன்.

நேற்று போட்டி. ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜெயிப்பாய் என்று நீங்கள் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பெருசா ஒண்ணும் எதிர்பார்க்காத ஆத்தா" என்றேன். அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். "இதுக்காகத்தானம்மா அப்பாவ விட்டுட்டு வந்தோம்?" என்றாள். போட்டிக்குப் போகவில்லை.

நீங்கள் மாறியிருப்பீர்கள். அதை நம்ப என்னால் முடியவில்லை. நான் அங்கே வந்தாலும் உங்கள் தாள் வெறுமையாக இருக்கும், என் தாள் நிரம்பிக்கொண்டிருக்கும். பதினெட்டாம் தேதி கோர்ட்டுக்கு வருகிறேன், கையெழுத்துப் போட.

என் நேற்றைய தாளை இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் போதவில்லை, தேதி மேலேயும் எழுதியிருக்கிறேன்.

இன்று விடிந்ததும் சுடர்விழி வெறுங்காலோடு ஓடப் போயிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். திரும்பி வருவாள். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்க வேண்டும்.

புவனேஸ்வரி