டாக்டரம்மா அழுத்துகிற இடங்கள்

ஆம்பூர்
9-8-1984

அன்புள்ள மாமாவுக்கு, அம்சவேணி எழுதிக்கொண்டது. அத்தை சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன்.

நேற்று பக்கத்து வீட்டு வஜீதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். என் உடம்பு வலிக்கு ஒரு வழியாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஃபைப்ரோசைட்டிஸாம். சதையில் வருகிற வலி. இனி மாதம் ஒரு தடவை டாக்டரம்மா பிடரி, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று அதே இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். வலிக்கிற இடங்கள் குறைந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். ராத்திரிக்கு மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், தினமும் நடை.

நேற்று அழுத்திய இடமெல்லாம் கத்தினேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உங்கள் அம்மா, "ரத்தத்துல ஒண்ணும் இல்ல, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. அப்பறம் வலி இன்னா பஸ் ஏறியா வர்து?" என்கிறார். சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. ஷூ கம்பெனி தையல் வேலையையும் விட்டாயிற்று. நீங்களாவது என்னை நம்புகிறீர்களா?

உங்கள் அம்சா

கான்பூர்
2-10-1984

அன்புள்ள அம்சாவுக்கு,

நம்பாமல் என்ன? ஆனால் அம்மா யாரையோ பிடித்து வேறு மாதிரி எழுதி அனுப்புகிறாள். வலி என்கிறவள் சாயங்காலமானால் தெருக்கோடி வரை நடக்கிறாளே என்கிறாள். இரண்டு கடிதத்துக்கும் நடுவில் கிடந்து நான் பேஜாராகிறேன்.

மார்ச்சுக்குள் குடும்பத்தைக் கூட்டி வருகிறவனுக்குத்தான் குவார்ட்டர்ஸ் என்று எங்கள் தோல் ஃபாக்டரி மேனேஜர் சொல்லிவிட்டார். நாலு பேரோடு ஒரே ரூமில் படுத்துப் படுத்து எனக்கும் வெறுத்துவிட்டது. அதற்காக, வரப்போகிற குளிரில், ஒத்தாசைக்கு ஆளில்லாத ஊரில், வலியோடு உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? குணமாகி வா. டாக்டரம்மா சொன்னதை உடனுக்குடன் எழுது. உன் கடிதம் வராத வாரம் எனக்கு வேலையே ஓடுவதில்லை.

வேலாயுதம்

ஆம்பூர்
6-12-1984

அன்புள்ள மாமாவுக்கு,

நடக்கச் சொன்னதே டாக்டர்தான் என்று அத்தைக்கு நீங்களே ஒரு வரி எழுதிப்போடுங்கள். நான் சொன்னால் எடுபடாது.

நல்ல சேதி. இந்தத் தடவை பிடரியில் அழுத்தியபோது வலிக்கவில்லை என்றேன். முழங்கையிலும் இல்லை என்றேன். டாக்டரம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம்! என்னோடு இவ்வளவு பாடுபடுகிறவரை மாதாமாதம் முகம் வாட வைக்க எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ராத்திரி மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். தூக்கம் கொஞ்சம் கம்மி, அதை விடுங்கள். பொங்கலுக்கு வரும்போது நீங்களும் கூட வந்து பாருங்கள். குவார்ட்டர்ஸை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அம்சா

கான்பூர்
27-1-1985

அம்சா,

ரயில் காட்பாடியை விட்டதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா உன்னைப் படுக்க வைத்து அழுத்தியபோது நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் நீ "இல்லம்மா" என்றாய். ஒவ்வொரு தடவையும் உன் கால்விரல்கள் இறுகி மடங்கின. டாக்டரம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அது தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அவர் சொன்னபோது நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ வந்துவிடுவாய் என்கிற ஆசைதான், வேறென்ன?

இப்போது பயமாக இருக்கிறது. மாத்திரை இல்லாமல் எப்படித் தூங்குகிறாய்? என்னிடமும் எத்தனை தடவை இப்படி "ஒண்ணுமில்ல" என்றிருப்பாய்? அடுத்த தடவை உள்ளதைச் சொல். குவார்ட்டர்ஸ் போனால் போகட்டும்.

வேலாயுதம்

ஆம்பூர்
8-2-1985

அன்புள்ள மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா முதலிலிருந்து எல்லா இடத்தையும் மறுபடி அழுத்தினார். எல்லாவற்றுக்கும் வலிக்குது, வலிக்குது என்றேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டார். "உங்க முகம் வாடிடுமேன்னுதாம்மா" என்றேன். "நான் மருந்து குடுக்கறது உன் வலிக்கா, என் முகத்துக்கா?" என்று ஒரு அதட்டு அதட்டினார். மாத்திரையை மறுபடி பழையபடி எழுதிக் கொடுத்தார்.

அடியோடு எப்போது போகும் என்று கேட்டேன். "கொறையும், கூடும். மொத்தமா போய்டும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். கான்பூர் டாக்டருக்குக் கடிதம் தருகிறாராம், அங்கேயும் இப்படி மாதாமாதம் பார்க்கலாமாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

மாமா, குணமாகி வா என்று எழுதினீர்கள். குணமாகி வருகிற அம்சா இல்லை. இருக்கிறவள் இவள்தான். சில நாள் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்க வேண்டும், சோறும் வடிக்க வேண்டும். நான் முகம் சுளித்தால் நடிப்பு என்று நினைக்கக் கூடாது. மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சம்மதம் என்றால் வந்து கூட்டிப்போங்கள். இல்லை என்றால் அதையும் நீங்களே எழுதுங்கள். அத்தை வாயால் நான் கேட்க வேண்டாம்.

உங்கள் அம்சா