பெரணிக்குள் நிற்கும் கன்றுகள்

ஆக்குளம்,
வியாழன்

அன்பு மகள் பிஜிக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் மருமகன் லிஜோவும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நம் குடியிருப்பு அசோசியேஷன் செக்ரட்டரி மஹேஷ் உனக்கு அனுப்பிய படம் உண்மைதான் மக்களே. காயல்கரைச் சதுப்பில் ஜேசிபிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது நான்தான். குடை பிடித்திருப்பது உன் அப்பா, வண்டி திரும்பும்வரை நகரவில்லை. உப்புத் தண்ணீரில் நிற்கிற கண்டல் மரங்கள் பட்டுப்போன இடமெல்லாம் பெரணிச் செடி ஆள் உயரத்துக்கு மூடிவிட்டது, பாம்பு அடைகிறது, மொத்தமாக வழித்துவிட்டுப் புதுக் கன்று நடலாம் என்பது மஹேஷின் திட்டம். சனிக்கிழமை மறுபடியும் வண்டி வருமாம்.

போன வருஷம் இதே வேலையை முன்னால் நின்று செய்தவள் நான். பெரணியோடு நின்ற கழுதைமுள்ளிச் செடியையும் காலில் குத்துகிறதே என்று வேரோடு பிடுங்கச் சொன்னேன், சேறு தெரியும்வரை சுத்தம் செய்து எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தேன். நட்ட இருநூறு கன்றில் ஒன்றுகூட மழைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை, கரையும் சரிந்தது, பெரணி மட்டும் இரண்டு மடங்காக வந்தது. வெட்கத்தில் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போய்ப் பார்த்தால், பிடுங்காமல் விட்ட மூலையில், கழுதைமுள்ளி அடர்ந்த இடத்தில் பெரணி ஒதுங்கி, யாரும் நடாத கண்டல் கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றன. பெரணி தனியாக நிற்கிற இடத்தில் ஒன்றுமில்லை. நாலு மாதமாக நானும் அப்பாவும் பெரணி மட்டையை மட்டும் அரிவாளால் அரிந்து கன்றுகளுக்கு வெயில் விடுகிறோம், முள்ளியைத் தொடுவதில்லை. இப்போது நாற்பத்தொரு கன்று நிற்கிறது. எதன் பக்கத்தில் எது வளர்கிறது என்று நோட்டில் எழுதி மஹேஷிடம் காட்டினேன். அது வெறும் காடாக்கும் ஆன்ட்டி, நீங்க வீட்டில போய் ரெஸ்ட் எடுங்க என்றான். முப்பது வருஷம் ஸ்கூல் லேபில் செடி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாடம் காட்டியவளிடம் சொல்கிறான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நீயும், மானம் போகிறது, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு என்றாய். எழுதிவிட்டேன். அசோசியேஷன் நோட்டீஸ் போர்டில் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறேன்: போன வருஷம் தெரியாமல் எல்லாவற்றையும் வழிக்கச் சொன்னதற்கு மன்னியுங்கள், இப்போது தெரியும், அதனால் வழிக்க விடமாட்டேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. சனிக்கிழமை நான் போன் எடுக்காவிட்டால் பயப்படாதே, பயப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

உன் அம்மா,
ராகேல் சத்தியநேசன்