பதினாறாம் படியில் எலும்பு சூப்

மார்ச் 3
ஆட்டு எலும்பு இரண்டு கிலோ. அப்பாவின் புது முட்டிக்காக. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். அம்மா சொல்லச் சொல்ல நான் செய்தேன்: முதல் கொதியின் நுரையைக் கொட்டு, இரண்டு கரண்டி வினிகர் விடு, அடுப்பைச் சிறிதாக்கு, எட்டு மணி நேரம் தொடாதே.

தொடாமலிருப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. மாடியில் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எட்டு மாதமாக அப்படித்தான் கிடக்கிறது.

மார்ச் 4
ஃப்ரிட்ஜில் சூப் உறைந்து தளதளவென்று ஆடுகிறது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? இது அப்படியே போய் அப்பா முட்டியில உக்காந்துக்கும்."

சூப்பை உறையவைக்கும் கொலாஜனும் புரதம்தான், வயிற்றில் செரித்துவிடும், முட்டிக்கு வழி கேட்டுக்கொண்டு போகாது என்றேன்.

"உன் ஆராய்ச்சிய மாடியில வெச்சுக்கோடி."

அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 6
பிசியோதெரபிஸ்ட் கறாராகச் சொல்லிவிட்டார். "படி ஏறிப் பழகலன்னா முட்டி இறுகிடும் சார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அவர் போனதும் அப்பா: "மாடிய வாடகைக்கு விட்டுடலாம்."

அவருடைய கடிகாரம் பழுதுபார்க்கும் மேசை அங்கேதான். பதினோரு கடிகாரங்கள் காத்திருக்கின்றன. அப்பாவுக்குப் பயம். அந்தச் சொல்லை மட்டும் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மார்ச் 9
தவறு என்னுடையது. சூப்பைச் சுடவைத்து அப்பாவுக்கு எடுத்துவரும்போது போன் — என் பேராசிரியர். அத்தியாயம் எங்கே என்று கேட்பார். நான் சொல்லப்போகும் பொய்யை யாரும் கேட்கக் கூடாதே, மாடிக்கு ஓடினேன். கிண்ணத்தை மூன்றாம் படியில் வைத்ததே நினைவில்லை.

திரும்பி வந்தால், மூன்றாம் படியில் அப்பா. ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் கிண்ணம்.

"ஆறிடும்ல," என்றார்.

மார்ச் 10
இன்று கிண்ணம் நான்காம் படியில். வேண்டுமென்றேதான்.

மார்ச் 15
எட்டாம் படி. பெற்ற தகப்பனுக்குப் பொறி வைக்கிறேன். இது கவனிப்பா, எலி பிடிப்பா?

"ஏம்மா, உனக்கு மறதி ஜாஸ்தியாகுதே?"

"ஆமாப்பா. நாளைக்கு இன்னும் மோசமாகும்."

மார்ச் 19
பிசியோதெரபிஸ்ட் அசந்துபோனார். "என்னம்மா பண்ணீங்க?"

"வினிகர்," என்றார் அம்மா. "ரெண்டு கரண்டி."

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மிகக் கவனமாகப் பார்க்கவில்லை.

மார்ச் 25
பதினாறு. இனிப் படி இல்லை. அப்பா தன் கடிகார மேசை முன்னால் உட்கார்ந்துதான் குடித்தார். சாயங்காலம் மேலே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஏப்ரல் 2
பேராசிரியரின் போன். எடுக்கவில்லை. அப்பா பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை — அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 3
என் மேசையில், மூன்றாம் அத்தியாயத்தின் மேல், ஆவி பறக்க ஒரு கிண்ணம் சூப். பதினாறு படியும் அவரே ஏந்தி வந்திருக்கிறார். தட்டில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எனக்கு முட்டி நல்லாத்தானேப்பா இருக்கு?"

அடுத்த அறையிலிருந்து, கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்காத குரல்: "உக்காரணும்னா அதுவும் மடங்கணும்ல?"

குடிக்கும்போது ஆறிப்போயிருந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.