தையலுக்கு இடம் விடாத வெட்டு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன், ஆனால் நான் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தாலே நீ "அப்பா, மெதுவா, பிரஷர் ஏறப்போகுது" என்று சொல்லிச் சொல்லியே விஷயத்துக்கு வரவிட மாட்டாய், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நூலகத்து மாடியில் சனிக்கிழமை மதியம் நடக்கிற, படமும் சீட்டும் ஒட்டி ஆல்பம் செய்கிற ஸ்கிராப்புக் வகுப்புக்கு நான் போவது உனக்குத் தெரியும். பதினான்கு பெண்கள், ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மின்விசிறி பழுது பார்க்க வந்தவன் என்று நினைத்து ஏணி இருக்கிற இடத்தைக் காட்டினார்கள். இன்றைக்கு என் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் கட்டிங் மாஸ்டராக நாற்பது அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டிய கைக்கு, ஒரு அட்டையை வெட்டத் தெரியாதா. துணி நழுவும், இழுத்த பக்கம் வரும், ஓரம் பிரியும். காகிதம் அப்படியில்லை, மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும். இத்தனை வருஷம் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று இருக்கிறது. சட்டைபோல் இரண்டு பக்கமும் திறக்கிற ஒரு பக்கம் செய்தேன், காலர் உண்டு, பை உண்டு, பைக்குள் உன் பள்ளிக்கூட அடையாள அட்டை உண்டு, பட்டனைக் கழற்றினால் உள்ளே நம் பழைய வீட்டு மாடிப்படி எழுந்து நிற்கும். படி மொத்தம் பதினேழு, எண்ணி மடித்தேன். உன் அம்மா அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் ஒரு படியைப் பிய்த்தேவிட்டாள். கேட்டால் "வழுக்குற படிதானே, போகட்டும்" என்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு நடத்துகிற டிராயிங் டீச்சரம்மா, போன வாரம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். "இனிய நினைவுகள்" என்று வாசலில் பேனர். எல்லோரும் ஆல்பத்தை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும் என்றார், கொடுத்தேன். திறப்பு அன்று காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். என் ஆல்பம் முதல் மேசையிலேயே இருந்தது. கையில் எடுத்ததும் எடை குறைந்திருந்தது. புரட்டினால் கடைசியில் ஆறு பக்கம் இல்லை. மூன்று தாளைப் பிளேடு போட்டு வெட்டியெடுத்து, ஒரு பழுப்புக் கவரில் போட்டு, மேசைக்கு அடியில் வைத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போய் நின்றதும், ஏதோ உதவி செய்த மாதிரி சிரித்துக்கொண்டு, "குழந்தைங்கல்லாம் வர்றாங்க சார், இந்த மாதிரிப் பக்கம் வேண்டாம்னுதான் எடுத்தேன், பத்திரமா இருக்கு" என்கிறார். எந்த மாதிரிப் பக்கம் என்று நீ கேட்பாய், வருகிறேன். இதெல்லாம் போதாதென்று மேலட்டையில் ஒரு நீல ரிப்பன். "மிக இனிமையான ஆல்பம்" என்று எழுதி, நான் பார்த்துப் பார்த்துத் துணி சுற்றிய அட்டையில் டபுள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். உரித்தால் துணியின் நூலும் சேர்ந்து வருகிறது. என்னிடமிருந்து ஆறு பக்கத்தைத் திருடிவிட்டு, மிச்சத்துக்குப் பரிசு.

வெட்டியதுதான் வெட்டினார், நேராக வெட்டினாரா என்றால் அதுவும் இல்லை. ஸ்கேல் வைக்காமல் கைபோன போக்கில் இழுத்திருக்கிறார், கீழே வர வர கோணல். ஒரு டிராயிங் டீச்சர். அதையும் பொறுத்துக்கொள்வேன், அவர் செய்த பெரிய தப்பு வேறே. நான் அந்த ஆல்பத்தைத் தனித்தனித் தாளாக ஒட்டவில்லை. ஆறு நீளத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் மடித்து, மடிப்பில் நூல் போட்டுத் தைத்த கட்டு அது. அப்படித் தைத்தால் முதல் தாளும் கடைசித் தாளும் உண்மையில் ஒரே தாள்தான், முன்னால் பாதி, பின்னால் பாதி. பின்பாதியை எடுத்தே தீர வேண்டுமென்றால் அரை அங்குலமாவது விட்டு வெட்ட வேண்டும், அப்போதுதான் தையல் முன்பாதியைப் பிடித்து நிறுத்தும். தையலுக்கு இடம் விட வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் பட்டன் எடுத்துக் கொடுக்க வந்த ஆளுக்குக்கூட முதல் நாளே தெரியும். இவர் மடிப்போடு ஒட்ட வெட்டிவிட்டார். அதனால் அவர் தொடவே தொடாத முன்பக்கத்து மூன்று தாளும் பிடிமானம் போய், வந்தவர்கள் புரட்டப் புரட்ட ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. அந்த மூன்றும் உன்னுடைய பக்கங்கள் பாப்பா. நீ இங்கிருந்து கிளம்பிய நாளின் பக்கங்கள். பெட்டியில் வைக்க வேண்டியவை என்று நீ உன் கையால் எழுதி, கீழே அம்மா தன் கையால் பதினோரு சாமான் கூட்டி, அதில் ஒன்பதை நீ அடித்துவிட்டாயே, அந்தச் சீட்டு ஒட்டிய தாள் தரையில் கிடந்தது.

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். உன் அம்மா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு மேல எழுதாதீங்க, பிள்ளை அங்க தனியா உட்கார்ந்து அழும்" என்றாள். எழுதாவிட்டால் நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்றே உனக்குப் புரியாதே, ஏதோ ஆறு பக்கத்துக்குக் கிழவன் குதிக்கிறான் என்றுதானே நினைப்பாய் என்றேன். போய்ச் சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, "எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க, பாதியா எழுதாதீங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அந்த ஆறு பக்கமும் ஆஸ்பத்திரிப் பக்கங்கள். பதினோரு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு சின்னக் கட்டி, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா. இரண்டு நாள் இல்லை, இருபத்து மூன்று நாள். அது சின்னக் கட்டியும் இல்லை, புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்து, அதற்குப் பிறகு ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி மொத்தமும் கொட்டியது. அதைத் தலையணையிலிருந்து பொறுக்கியது நான்தான். போனில் முகம் தெரியவில்லையே என்று நீ கேட்டபோது கேமரா உடைந்துவிட்டது என்றோம், நீ பாவம் புதுப் போன் வாங்கி அனுப்பினாய், அதை எங்களுக்கு இயக்கத் தெரியவில்லை என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அது நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றாய், தொண்டைக்கட்டு என்றேன். லீவு போட்டு வரட்டுமா என்று ஒரு முறை இல்லை, மூன்று முறை கேட்டாய். சாதாரண செக்கப்புக்கெல்லாம் யாராவது விமானம் ஏறுவார்களா, புது வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, வராதே என்று நான்தான் சொன்னேன். உன் அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள், மொட்டைத் தலை, எப்படி மறுப்பேன். நீயும்தான் லேசுப்பட்டவளா, சின்ன வயதில் நான் மிட்டாய் வாங்கிவரவில்லை என்று சொன்னால் எந்தப் பையில் இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடிப்பாய், கேமரா உடைந்தது என்றால் மட்டும் அப்படியே நம்பிவிடுவாயா. இது நியாயமில்லாத கோபம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், ஆனாலும் அன்றைக்கெல்லாம் எனக்கு உன் மேலும் கோபம் வந்தது.

இந்தக் காகித வேலை எப்படி வந்தது என்று நீ கேட்டதற்கு, ஓய்வுபெற்றபின் பொழுது போகவில்லை என்று சொன்னேன், அதுவும் பொய். வார்டுக்கு வெளியே ஒரு இரும்பு நாற்காலியில்தான் ஆரம்பித்தது. காலையில் ஒரு டோக்கன், ரத்தம் எடுக்க ஒரு டோக்கன், மருந்துக்கு ஒரு டோக்கன், பை முழுக்கச் சீட்டு. சும்மா உட்கார முடியாமல் ஒரு டோக்கனை மடித்துச் சட்டை செய்தேன். விரல் நுனி அளவு சட்டை, காலர் வைத்தது. ஆபரேஷன் முடிந்து நான்கு நாளாக யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடது தோள் ஏறியிருக்கு மாஸ்டர்" என்றாள். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். அப்புறம் தினமும் ஒரு சட்டை, அவள் தினமும் ஒரு குறை. அந்த இருபது சட்டையைத்தான் இரண்டு பக்கத்தில் கொடியில் காயப்போட்ட மாதிரி ஒட்டியிருந்தேன். இன்னொரு பக்கத்தில் அவள் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டை, அதில் வயது நான்கு குறைவாக விழுந்துவிட்டது, நர்ஸ் திருத்த வந்தபோது திருத்தவே கூடாது என்று உன் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். இன்னொன்றில் மருந்து டப்பாவை வெட்டிச் செய்த ஜன்னல், அவள் கட்டிலிலிருந்து தெரிந்த தண்ணீர்த் தொட்டியும் காக்கையும் உள்ளே. வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாளே தவிர, ஒட்டக் கூடாது என்று வாங்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் உட்கார்ந்து ஒட்டினேன்.

இதைத்தான் இனிமையில்லை என்று வெட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அத்தனை பேர் முன்னாலும், "என் பொண்டாட்டி பிழைச்சு வந்தது இனிமையில்லையா, அப்போ எதும்மா இனிமை, பூவும் பொம்மையுமா" என்று கேட்டுவிட்டேன். டீச்சரம்மா முகம் சிவந்து, "யாரும் வருத்தப்படக் கூடாதுன்னு நல்லதுக்குத்தான் செஞ்சேன் சார்" என்றார். நல்லதுக்குச் செய்கிறவர் என்னைக் கேட்டுச் செய்ய வேண்டியதுதானே, எனக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியதுதானே, என் பக்கத்தில் எது இருக்கலாம் எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்ய நீங்கள் யார் என்று வெளுத்து வாங்கினேன். உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. அப்போது எங்கள் வகுப்பில் எல்லாப் பக்கத்திலும் பட்டன் ஒட்டுகிற ஒரு அக்கா, பட்டனக்கா என்றுதான் கூப்பிடுவோம், தரையில் கிடந்த உன் தாளை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினார். உன் படத்தைப் பார்த்துவிட்டு வெகு சாதாரணமாக, "அம்மாவுக்கு முடியாம இருந்தப்போ பொண்ணு வந்திருந்தாளா சார்" என்று கேட்டார்.

அதுவரைக்கும் டீச்சரைப் பார்த்து நான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் என் பக்கமே திரும்பியது. அவர் வெட்டியது ஆறு பக்கம், அதையும் கவரில் போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் உன்னிடமிருந்து உன் அம்மாவின் ஒரு வருஷத்தையே வெட்டியெடுத்திருக்கிறேன், நீ வருத்தப்படக் கூடாது என்று, நல்லதுக்குத்தான் என்று, உன்னைக் கேட்காமல். ரிப்பனை டீச்சரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, அந்தக் கோணல் வெட்டை நான் சாகிறவரை மன்னிக்க மாட்டேன். ஆனால் மூன்று நாளாக ராட்சசன் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பது அவரால் இல்லை.

இப்போது அம்மா தேறிவிட்டாள், இது பொய்யில்லை. முடி ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கிறது, முன்பு இல்லாத சுருட்டையாக, அதில் ஒரே கர்வம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை, போன முறை டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார், அந்த அறிக்கையின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள். அலமாரியிலிருந்து புதுப் போனை எடுத்துச் சார்ஜ் போட்டாயிற்று. நீ கூப்பிடு, முகம் தெரியும். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். அம்மாவைத் திட்டாதே, அவள் உன் குரலைக் கேட்டால் போதும், நீ வர வேண்டாம் என்று மறுபடி ஏதாவது மழுப்புவாள், அப்போது மட்டும் அவளை விடாதே.

வெட்டிய மூன்று தாளையும் இந்தக் கவரிலேயே அனுப்புகிறேன், மடித்தால் சட்டைகள் நசுங்கும் என்பதால் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன், பார்த்துப் பிரி. உன் மூன்று தாள் இங்கே மேசை மேல் இருக்கிறது. மடிப்பில் ஒரு காகிதப் பட்டை கொடுத்து இரண்டையும் சேர்த்து மறுபடி தைத்துவிட முடியும், அதற்கு இரண்டு பாதியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் தபாலில் திருப்பி அனுப்பாதே, தொலைந்துவிடும். வராதே என்று மூன்று முறை சொன்ன அதே வாயால் சொல்கிறேன், நீயே எடுத்துக்கொண்டு வா.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். டிக்கெட் போட்டதும் தேதியை அம்மாவிடம் முதலில் சொல், என்னிடம் அவள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்குக் காத்திருக்கும்
அப்பா