புளி வியாபாரியின் வீடு

மொரப்பூர். 1938, மாசி, செவ்வாய்க்கிழமை.

ரயில்வே கூட்ஸ் கிளார்க்காக மாற்றலாகி வந்து நாலு நாளாக வீடு தேடுகிறேன். இன்று கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்துப்போனது. வீட்டுக்காரர் புளி வியாபாரி. கிணறுவரை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். வாடகையும் பேசி முடித்த பிறகுதான் கேட்டார்: “நீங்க என்ன ஆளுங்க?”

சொன்னேன்.

“அடடா, இந்த வூட்ட மச்சானுக்குச் சொல்லி வச்சது மறந்தே போச்சுங்க.” மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் அவர் மனைவி சாணி கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனை ஒட்டிய தகரக் கொட்டகையே எனக்குப் போதும். நாளை அந்த ஆளின் புளி மூட்டைகள் ரயிலேறுகின்றன. ரசீது எழுதப்போவது இந்தக் கைதான். அந்த ரசீதையும் சாணித்தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு போகட்டும்.