பேட்டரிக்குள் ஆற்றுத்தண்ணீர்

ஹுத்தான் மெலிந்தாங், 1926 ஐப்பசி 14

தோட்டத்துத் துரையின் மோட்டார் படகு இன்றும் கிளம்பவில்லை. பேட்டரியைச் சார்ஜில் போட்டதும் மூக்கை எரிக்கும் வாடை வந்தது. உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. ஊற்றியது நான்தான்; படகு எஞ்சின் என் பொறுப்பு. போன வாரம் பேட்டரிக்கு விடும் மழைத்தண்ணீர் ஜாடி காலி. சோம்பல்பட்டு, கடல்தண்ணீர் ஏறி நின்ற ஆற்றில் மொண்டு ஊற்றிவிட்டேன்.

துரை கேட்டபோது படகு கழுவும் முனியனைக் கைகாட்டினேன். நாளைக்கே அவன் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அவன் மனைவிக்கு இது நிறைமாதம்.

சாயங்காலம் முனியன் வந்தான்.

"அண்ணே, நான் பேட்டரியில கையே வைக்கல. நீங்க சொன்னா தொர கேப்பாருலா."

"பேட்டரி பொய் சொல்லாதுடா. உள்ள இருக்கிறது ஆத்துத்தண்ணி" என்றேன்.

முனியன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான் கழுவுறப்பதாண்ணே தெறிச்சிருக்கும். உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

"இருக்கும்" என்றேன்.