நட்டத்துக்கு விற்கிற பெட்டி

தோஹா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் றிஸானுக்கு உம்மாவின் ஸலாம். நீயும் மருமகளும் பேத்தி றுமானாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். எனக்கு முழங்கால் வலி மட்டும்தான். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

றுமானா கேட்ட கேம் பெட்டி வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் காத்தான்குடிப் பிள்ளை, "உம்மா, இதக் கொம்பனி நட்டத்துக்குத்தான் விக்குது" என்றான்.

"அவனுக்கென்ன விசரா?"

"கேம் விக்கக்குள்ள விலைய ஏத்தி எடுத்துருவானுகள். மத்தவன்ட கேம் இதுல ஓடாதே."

"இதுக்கா இவ்வளவு படிப்பு? எங்கட ஊர் மீன் முதலாளி உடுத்த சாறனோடயே இதச் செஞ்சானே!" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

செய்த பொருளுக்கு உரிய விலையைக் கேட்கத் துப்பில்லாதவனும் ஒரு வியாபாரியா? உன் வாப்பாவுக்கும் அந்த மீன் முதலாளியிடம் அரை விலைக்குத்தான் தோணி இன்ஜின் கிடைத்தது. அதன்பின் மவுத்தாகும்வரை அவர் பிடித்த மீனெல்லாம் அந்த முதலாளிக்கே, அவன் சொன்ன விலைக்கே போனது. இப்போது அவன் மகன் உனக்கும் இன்ஜின் தருகிறானாம். தொடாதே. முழு விலை கொடுத்து நானே வாங்கித் தருகிறேன். நோன்புக்கு வர இருந்தேன். அடுத்த வருடம் வருகிறேன்.

றுமானாவுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். அளவை எண்ணில் எழுதாதே. அவளுடைய பாதத்தைக் கடதாசியில் வைத்து வரைந்து அனுப்பு. நான் வேலை செய்யும் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

உம்மா
றஸீனா